திருகோணமலை வெக்கையில கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ எந்த டெவலப்பர், எப்பிடிக் கரைக்கிறது?

உப்புவெளி35:
வணக்கம். எச்பி5 எண்ட கறுப்பு வெள்ளைப் பிலிமின்ர 35 மி.மீ. றோல் வீட்டில கழுவத் தொடங்கப்போறன். ரெண்டு ரீல் பிடிக்கிற பற்றர்சன் தாங்கி, வெப்பமானி, 0.1 கிராம் காட்டுற தராசு எல்லாம் இருக்கு. படத்தை வெளிக்கொண்டுவாற மருந்து, டெவலப்பர்தான் முடிவாகேல்லை. டி-76 தூள், எச்சி-110, றொடினல் எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம். பைப்பைத் திறந்தா பகலில வாற தண்ணி 30 பாகை. மருந்துப் பெட்டியில எல்லாம் 20 பாகைக்கான நேரம்தான் போட்டுக் கிடக்கு. இந்த வெக்கைக்கு எது சரிவரும்? கரைக்கிற முறையையும் விபரமாச் சொன்னா நல்லம்.

வெள்ளியுப்பு:
தம்பி, எங்கட ஊரில டெவலப்பர் தெரியேக்க முதல் பாக்கவேண்டியது நேரக் கணக்கு. கிரெயின் (படத்தில மணிமணியாத் தெரியிறது), கூர்மை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

20 பாகைக்குப் போட்டிருக்கிற நேரத்தை 24 பாகைக்கு மாத்திறதெண்டா ஏறக்குறைய 0.7ஆல பெருக்கோணும். எச்பி5ஐ ஐ.எஸ்.ஓ. 400 வேகத்தில எடுத்து எச்சி-110இன்ர பி கரைசலில, அதாவது 1+31இல (ஒரு பங்கு மருந்து, 31 பங்கு தண்ணி), கழுவ 20 பாகையில 5 நிமிசம். 24இல அது மூண்டரை நிமிசமாப் போயிடும். 5 நிமிசத்துக்குக் குறைஞ்ச நேரத்தில சீரா வராது. ஊத்தி முடிய 10 செக்கன், வடிச்சு முடிய இன்னொரு 10, 15 செக்கன். அதுக்குள்ள ரீலின்ர ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடநேரம் மருந்தில நிண்டிருக்கும். வெறும் வானம், வெள்ளைச் சுவர் இருக்கிற படத்தில அது பட்டையாத் தெரியும்.

அதே எச்பி5க்கு ஐடி-11 (டி-76 மாதிரியான தூள் மருந்து) 1+1இல 20 பாகையில 13 நிமிசம், 24இல 9. றொடினல் 1+50இல 11 நிமிசம், 24இல ஏழே முக்கால். இந்த ரெண்டும் வெக்கைக்கு இடம் விடுற நேரங்கள். எச்சி-110தான் கையில இருக்கெண்டா 1+63 ஆக்கி நேரத்தை இரட்டிப்பாக்குங்கோ: 20இல 10, 24இல 7. ஆனா ஒரு றோலுக்கு ஆகக் குறைஞ்சது 6 மி.லீ. மூலமருந்து இருக்கோணும். 300 மி.லீ.யில 1+63 போட்டா 5 மி.லீ.கூட வராது, அதால ஒரு றோலெண்டாலும் 400 மி.லீ. கரைசல் ஊத்துங்கோ.

20 பாகையைத் துரத்தாதேங்கோ. அறை 30இல இருக்கேக்க 20இல தொடங்கின மருந்து தாங்கிக்குள்ளயே ஏறிக்கொண்டு போகும், கடைசியில எந்த வெப்பநிலையில கழுவினது எண்டே தெரியாது. 24 எண்டா ஏற்றம் குறைவு, கட்டுப்படுத்தலாம். அப்ப 30இலயே கழுவினா என்ன எண்டு கேட்டா: பிலிமில பூசியிருக்கிற ஜெலற்றின் ஊதி மென்மையாகி நகம் பட்டாலே கீறும், அரைப் பாகை பிசகினாலும் நேரம் பெரிசா மாறும். அதோட டி-76, ஐடி-11இல மெற்றோல், ஐதரோகுயினோன் எண்ட ரெண்டு டெவலப் பொருளும் சேர்ந்துதான் வேலை செய்யுது. சூடு கூடக் கூட மெற்றோலைவிட ஐதரோகுயினோன் கெதியா வேகமெடுக்கும். வெளிச்சப் பகுதிகள் அடைச்சு, கொன்ட்ராஸ்ற் ஏறிப்போகும். நேரத்தைக் குறைச்சு மட்டும் அதைத் திருத்தேலாது.

தொடங்கிற ஆளுக்கு என்ர தெரிவு ஐடி-11 அல்லது டி-76 தூள். 1+1 ஆக்கி, ஒருக்கா பாவிச்சிட்டு ஊத்திவிடுறது. தூளை எடுப்பிக்கிறது திரவத்தைவிட லேசு, பைக்கற் உடையாத வரைக்கும் கெடாது.

கொட்டியாரம்:
அக்கா சொன்ன தெரிவு சரி. கரைக்கிறதைச் சொல்லுறன்.

ஒரு லீற்றர் பைக்கற்றைப் பாதியா உடைச்சுக் கரைக்கிற யோசனை வேண்டாம். தூள் ஒரே சீராக் கலந்திருக்காது. பயணத்தில கனமான துகள் கீழ இறங்கியிருக்கும், பாதியில எந்தப் பொருள் எவ்வளவு வந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

முதல் நாளே ஒரு லீற்றருக்கு மேல தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிடுங்கோ. கொதிக்கேக்க கரைஞ்சிருக்கிற ஒட்சிசனும் குளோரினும் போகும், கல்லுச் சத்து அடியில படியும். மேலாலை தெளிஞ்சதை மட்டும் எடுங்கோ. ஐடி-11க்கு 750 மி.லீ.யை 40 பாகைக்குச் சூடாக்கினாக் காணும். அதில ஏ, பி எண்டு ரெண்டு பை இருக்கும். ஏ முழுக்கக் கரைஞ்சு தெளிஞ்ச பிறகுதான் பி. டி-76 எண்டா ஒரே பை, 50 தொடக்கம் 55 பாகை வேணும். ரெண்டுக்கும் தூளைத் தண்ணிக்குள்ள கொஞ்சங் கொஞ்சமாத் தூவிக்கொண்டு கிண்டுங்கோ. தூளுக்கு மேல தண்ணியை ஊத்தினா அடியில கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். காத்து உள்ள போற மாதிரி அடிச்சுக் கலக்கவும் கூடாது. பிறகு ஆறின தண்ணியால ஒரு லீற்றருக்கு நிரப்புங்கோ. அடுத்த நாள் பாவிக்கிறது நல்லம்.

ஒரு லீற்றர் போத்தலில வைச்சு ஒவ்வொரு தரமும் 300 எடுத்தா மிச்சத்துக்கு மேல காத்து நிக்கும். மூண்டு 300 மி.லீ. போத்தலிலயும் ஒரு 100இலயும் கழுத்துமட்டும் நிரப்பி, மூடி இறுக்கி, திகதி எழுதி வையுங்கோ. நிரம்பின போத்தலுக்கு 6 மாதம், பாதிப் போத்தலுக்கு ஒரு மாதம் எண்டுறது குளிர்நாட்டு அறைக்கான கணக்கு. இஞ்சத்தைய அறைச் சூட்டுக்கு அதில பாதியை நம்புங்கோ. பிரிட்ஜின்ர ஆகக் குளிரான தட்டில வைச்சா உப்புப் படிகம் இறங்கும். வெதுவெதுப்பான தண்ணியில போத்தலை நிக்கவைச்சா திரும்பக் கரையும், ஆனா கரையாத படிகத்தோட அளந்து ஊத்திறவை கனபேர். சாப்பாட்டோட ஒரே தட்டில வைக்கவே வேண்டாம்.

பாலையூற்று:
இவ்வளவு கரைச்சல் ஏன்? றொடினல் 5 மி.லீ.யை 500 மி.லீ. தண்ணியில விட்டு, முதல் நிமிசம் ஆட்டி, ஒரு மணித்தியாலம் அப்பிடியே வைச்சாச் சரி. மருந்து தானே தீர்ந்துபோகும், வெப்பநிலை பெரிசாப் பாக்கத் தேவையில்லை. மூலமருந்துப் போத்தல் வருசக் கணக்கில கிடக்கும், கடுங்கபில நிறமானாலும் வேலை செய்யும். 1891இல இருந்து இருக்கிற மருந்து, சும்மா நிண்டுபிடிக்கேல்லை.

வெள்ளியுப்பு:
போத்தல் வருசக் கணக்கில நிக்கும் எண்டது முழு உண்மை. மாதத்துக்கு ஒரு றோல் கழுவிற ஆளுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை, எப்பி4 மாதிரி மெதுவான பிலிமுக்கு வடிவான கூர்மையும் தரும். வெப்பநிலை பாக்கத் தேவையில்லை எண்டதோடதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

30 பாகை அறையில ஒரு மணித்தியாலம் அசையாமல் வைச்சா மருந்து கணக்கா ஒரு இடத்தில தீர்ந்து நிக்காது. வெளிச்சம் படாத வெள்ளி உப்பும் மெல்ல மெல்ல டெவலப் ஆகி அடிப்புகார் (பிலிம் முழுக்கப் படருற சாம்பல் மங்கல்) ஏறும். இன்னொண்டு, வெளிச்சம் கூடின பகுதியில இருந்து வெளியேறுற புரோமைட்டு கரைசலைவிடக் கனம். ஆட்டாமல் விட்டா அது கீழ வழிஞ்சு, வழிஞ்ச பாதையில டெவலப்பைத் தடுக்கும். பிலிம் ஓரத்து ஸ்புறொக்கெற் ஓட்டைகளில இருந்து கோடு கோடாத் தெரியிறது அதுதான். 1+100 செய்யிறதெண்டா 24 பாகைத் தண்ணிப் பேசினுக்குள்ள தாங்கியை நிப்பாட்டி, அரை மணித்தியாலத்தில ரெண்டு தரம் மெதுவாக் கவிழ்த்து நிமிர்த்துங்கோ. எச்பி5க்கு றொடினல் கிரெயினைப் பெரிசாக் காட்டும், அது பிடிச்சவைக்குப் பிடிக்கும்.

மணல்மேடு:
தராசு இருக்கிறபடியால் மூலப்பொருள் வாங்கித் தானாகக் கரைக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். டி-76 ஒரு லீற்றருக்கு: மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைற்று 100, ஐதரோகுயினோன் 5, வெங்காரம் 2. டி-23 இன்னும் எளிது: மெற்றோல் 7.5, நீரற்ற சல்பைற்று 100. இரண்டே பொருள்.

வெக்கைக்கு நான் டி-23இன் பக்கம். ஐதரோகுயினோன் இல்லாததால், மேலே சொன்ன கொன்ட்ராஸ்ற் பாய்ச்சல் இதில் அவ்வளவு இல்லை. மென்மையாக வரும், உச்சி வெயிலுக்குப் பொருந்தும். நேரத்துக்கு, அதே பிலிமின் டி-76 நேரத்தோடு பத்திலொன்று கூட்டித் தொடங்கி, முதல் றோலைப் பார்த்துத் திருத்துங்கள்.

கரைக்கும் ஒழுங்கு முக்கியம். 750 மி.லீ. தண்ணீர் 50 பாகை. ஒரு சிட்டிகை சல்பைற்று முதலில், மெற்றோல் காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்க. அடுத்து மெற்றோல் முழுவதும். அது கரைந்து தெளிந்த பிறகே மிச்சச் சல்பைற்று. சல்பைற்று முழுவதையும் முதலில் போட்டுவிட்டால் மெற்றோல் கரையவே கரையாது, வெள்ளைத் துகளாக மிதக்கும். டி-76 என்றால் அதன்பின் ஐதரோகுயினோன், கடைசியில் வெங்காரம்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை. சல்பைற்றும் சல்பேற்றும் ஒரே மாதிரி வெள்ளைத் தூள். சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி நுனித் தூளில் வினாகிரி விட்டு மெதுவாக முகருங்கள். தீக்குச்சி எரிந்த மணம் வந்தால் சல்பைற்று, ஒன்றும் வராவிட்டால் சல்பேற்று. படிகச் சல்பைற்று கிடைத்தால் எடை இரட்டிப்பு, 100க்குப் பதில் 200. வெங்காரம் நாட்டுமருந்துக் கடையிலும் நகைத் தொழில் செய்பவர்களிடமும் கிடைக்கும். பொரித்த வெங்காரம் என்றால் நீர் போனது, 2 கிராமுக்கு ஒரு கிராம் சொச்சம் போதும்.

பைக்கற் மருந்தில் கடினநீரைக் கட்டிவைக்கும் ஒரு சேர்மானம் இருக்கும். வீட்டில் நிறுத்துக் கரைப்பதில் அது இல்லை. ஆகவே இதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். மெற்றோல் சிலருக்குக் கைத்தோலில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் வரும். கையுறை, முகக்கவசம், தனிக் கரண்டி. மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

உப்புவெளி35:
மிச்சம் நன்றி. ஐடி-11 1+1, 24 பாகை எண்டு முடிவெடுத்திட்டன். ஐஸ் எவ்வளவு போடுறது எண்டு கணக்கு இருக்கோ? வீட்டில பைப்பும் இருக்கு, கிணறும் இருக்கு. எந்தத் தண்ணி?

கொட்டியாரம்:
ஐஸ் கணக்கு லேசு. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி, உருகின தண்ணி 24க்கு ஏற இன்னும் 24. ஆக ஒரு கிராம் ஐஸ் 104 கலோரியை இழுக்கும். 600 மி.லீ. முழுக் கரைசலும் 30இல இருந்து 24க்கு வர 33 கிராம் ஐஸ். அதாவது ஐடி-11 300 மி.லீ., தண்ணி 267 மி.லீ., ஐஸ் 33 கிராம். ஐஸ் உருகி முடிய 1+1 சரியா 600 வரும். 20 பாகைக்குப் போறதெண்டா 55 கிராம் வேணும், அப்ப தண்ணி 245. அந்த ஐஸைக் கொதிச்சாறின தண்ணியிலதான் கட்டியாக்கோணும், மீன் வைச்ச தட்டுக்குப் பக்கத்தில இருந்த ஐஸ் ஆகாது. கலவையைக் கிண்டி, ஐஸ் முழுக்க உருகின பிறகு வெப்பமானியைப் பாருங்கோ. உருக முதல் பாத்தா அடியில ஒண்டு, மேல ஒண்டு காட்டும்.

தாங்கியும் ரீலும் 30இலதான் இருக்கும் எண்டதைக் கனபேர் மறந்துபோகினம். 24 பாகைத் தண்ணியை ஒரு நிமிசம் ஊத்தி வைச்சு வடிச்சிட்டு டெவலப்பரை ஊத்துங்கோ. தாங்கி குளிரும், பிலிமும் ஒரே சீரா நனையும். வடியிற தண்ணியில சாயம் கலந்து வந்தாப் பயப்பிடாதேங்கோ. பேசினில 5 லீற்றர் 24 பாகைத் தண்ணி வைச்சு, ஆட்டாத நேரம் தாங்கியை அதுக்குள்ள நிப்பாட்டுங்கோ. முழுக் கையாலயும் தாங்கியைக் கட்டிப்பிடிக்காமல் மேல் விளிம்பில பிடிச்சு ஆட்டுங்கோ. தொடங்கேக்க 23.5, முடியேக்க 24.5 எண்டா நேரத்தை மாத்தத் தேவையில்லை.

தண்ணியைப் பற்றி: நகரத்துப் பைப் தண்ணி கந்தளாய்க் குளத்துத் தண்ணி, சுத்திகரிச்சு வாறது. கொதிக்கவைச்சு ஆறவிட்டா ஐடி-11க்குக் காணும். கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறுகளில கோடையில உவர் ஏறும், கல்லுத் தண்ணியும் கூட. கழுவல் தண்ணியாப் பாவிக்கலாம், டெவலப்பருக்கு வேண்டாம். எந்தத் தண்ணியால கழுவினாலும் கடைசி முக்கு காய்ச்சி வடித்த நீரில, ஈரமூட்டி (தண்ணி துளியா நிக்காமல் வழிய விடுற மருந்து) ரெண்டு துளியோட. இல்லாட்டி காய்ஞ்ச பிறகு வெள்ளை வட்டமா உப்பு நிக்கும், ஸ்கான் பண்ணேக்க ஒவ்வொண்டாத் துடைச்சுக்கொண்டு இருக்கோணும்.

சம்பல்தீவு:
குறுக்கிடுறதுக்கு மன்னியுங்கோ. கொழும்பில இருந்து எதையும் எடுப்பிக்க ஏலாத ஆக்களுக்குக் கோப்பித் தூளால செய்யிற டெவலப்பர், அந்தக் கோப்பி மருந்து சரிவருமோ?

வெள்ளியுப்பு:
வரும், சரியாச் செய்தா. 1995இல றொச்செஸ்ரர் தொழில்நுட்ப நிறுவனத்தில வெளிப்பட்ட விசயம், இப்ப உலகம் முழுக்கச் செய்யினம். 600 மி.லீ.க்கு நீரற்ற சலவைச் சோடா 32 கிராம், விற்றமின் சி தூள் 10 கிராமுக்குக் கொஞ்சம் குறைவா, இன்ஸ்ரன்ற் கோப்பி 24 கிராம். அந்த ஒழுங்கிலயே, ஒண்டு கரைஞ்ச பிறகு மற்றது. எச்பி5 மாதிரி வேகப் பிலிமுக்கு அடிப்புகார் வராமல் அயடீன் உப்பு 6 கிராம் சேருங்கோ.

சலவைச் சோடா கண்ணாடிக் கல்லு மாதிரிப் படிகமா இருந்தா நீர் பிடிச்சது, எடையை 2.7ஆல பெருக்கோணும். கிடைக்காட்டி அப்பச்சோடா 51 கிராமை 200 பாகை அவணில ஒரு மணித்தியாலம் வைச்சா 32 கிராம் சலவைச் சோடா கிடைக்கும். திரும்ப நிறுத்துப் பாருங்கோ, எடை இறங்கேல்லையெண்டா இன்னும் மாறேல்லை. அப்பச்சோடாவை நேரே போட்டா காரம் காணாது, பிலிம் வெறுமையா வரும். சப்பிற விற்றமின் மாத்திரையில சீனியும் சாயமும் இருக்கும், பாமசியில சுத்தத் தூள் கேளுங்கோ. கோப்பி ஆக மலிஞ்சதே நல்லம், றொபஸ்ரா கொட்டைதான் வலுவா வேலை செய்யும். அரைச்ச கோப்பித்தூள் சரிவராது.

நீரற்ற சோடா கரையேக்க தண்ணி சூடாகும், அதால எல்லாம் கலந்த பிறகுதான் 24க்கு இறக்கோணும். 20 பாகைக்கு 15 நிமிசம், 24க்குப் பத்தரையில தொடங்குங்கோ. கலந்து அஞ்சு நிமிசத்தில குமிழ் அடங்கினதும் பாவியுங்கோ, வைச்சிருந்தாக் கெட்டுப்போகும். இதுக்குப் பிறகு டெவலப்பை வினாகிரியால நிப்பாட்டாமல் ரெண்டு மூண்டு தரம் தண்ணியால கழுவுங்கோ. காபனேற்று நிறைஞ்ச ஜெலற்றினில அமிலம் பட்டா வாயு கிளம்பும். மணம் பொல்லாதது, யன்னலைத் திறந்து வையுங்கோ. பிலிம் கபிலச் சாயத்தோட வரும், அது குறை இல்லை.

மணல்மேடு:
உச்சி வெயிலைப் பற்றி ஒரு குறிப்பு. கோணேசர் கோயில் மலையில் நண்பகலில் எடுத்தால் வெள்ளைச் சுவர், கடல் மினுக்கம், கோபுர நிழல் மூன்றும் ஒரே சட்டத்தில் வரும். எச்பி5ஐ 200இல் வைத்து எடுத்து, ஐடி-11 1+1இன் 9 நிமிடத்தை ஏழேகாலாகக் குறையுங்கள். நிழலுக்குத் தேவையான வெளிச்சம் எடுக்கும்போதே கிடைத்துவிடும், குறைந்த நேரம் வெள்ளையை அடைபடாமல் நிறுத்தும். மழைக்கால முகில் நாளில் எடுத்த றோலுக்கு இது கூடாது, சப்பென்று சாம்பலாக வரும். ஒரே றோலில் இரண்டு வெளிச்சத்தையும் கலக்காமல் இருப்பது நல்லது.

உப்புவெளி35:
முதல் றோல் முடிஞ்சுது. படங்கள் மெலிசா இருக்கு. மருந்து பிழையோ, நேரம் பிழையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கொட்டியாரம்:
படத்தைப் பாக்காதேங்கோ, பிலிம் ஓரத்தில இருக்கிற எழுத்தையும் இலக்கத்தையும் பாருங்கோ. அது தொழிற்சாலையில அடிச்ச வெளிச்சம், உங்கட கமராவுக்குச் சம்பந்தமில்லை. ஓர எழுத்து நல்ல கறுப்பா இருந்து படம் மெலிசெண்டா வெளிச்சம் காணாமல் எடுத்திருக்கு. எழுத்தும் சேர்ந்து மெலிசெண்டா டெவலப் காணேல்லை: நேரம், வெப்பநிலை, இல்லாட்டி கெட்ட மருந்து. எழுத்தே இல்லாமல் முழுக்கக் கண்ணாடி மாதிரியெண்டா மருந்து செத்திட்டுது அல்லது பிக்ஸரை (டெவலப்புக்குப் பிறகு மிச்ச வெள்ளி உப்பை அகற்றுற மருந்து) முதல் ஊத்தியாச்சு. ரெண்டு றோலை ஒரேயடியா 600 மி.லீ. 1+1இல போட்டிருந்தா நேரத்தோட பத்து வீதம் கூட்டியிருக்கோணும், அதையும் யோசியுங்கோ.

அடுத்த தரம் ஊத்த முதல், பிலிம் தொடக்கத்தில வெட்டின நாக்குத் துண்டை வெளிச்சத்திலயே கொஞ்ச மருந்துக்குள்ள போடுங்கோ. ரெண்டு மூண்டு நிமிசத்தில கறுத்தா மருந்து உயிரோட இருக்கு. எக்ஸ்டோல் எண்ட டெவலப்பர் பாவிக்கிறவைக்கு இது கட்டாயம், அது நிறம் மாறாமலே திடீரெண்டு செத்துப்போற மருந்து.

உப்புவெளி35:
ஓர எழுத்து நல்ல கறுப்பு. அப்ப வெளிச்சம் அளக்கிற மீற்றரைத்தான் பாக்கோணும். பிலிமில மெல்லிய ஊதா நிறமும் இருக்கு, அது என்ன?

வெள்ளியுப்பு:
பிக்ஸர் காணாது அல்லது அதுக்குப் பிறகு தண்ணியில கழுவினது காணாது. அதே நாக்குத் துண்டொண்டை பிக்ஸருக்குள்ள போட்டு, தெளிய எடுக்கிற நேரத்தை அளங்கோ. அதில இரண்டு மடங்கு பிக்ஸரில வைக்கோணும். 1+4 கரைச்ச கெதிப் பிக்ஸர் எண்டா 3 தொடக்கம் 5 நிமிசம். புதுசாக் கரைச்சதில ஒரு நிமிசத்தில தெளிஞ்ச துண்டு ரெண்டு நிமிசம் எடுத்தா அந்தப் பிக்ஸர் முடிஞ்சுது. கைப்போப் படிகத்தில (இன்னொரு பிக்ஸர் மருந்து) பிக்ஸர் கரைக்கிறதெண்டா அது கரையேக்க தண்ணியைக் குளிராக்கும், திரும்ப 24க்குக் கொண்டுவந்துதான் ஊத்தோணும். டெவலப்பர் 24, பிக்ஸர் 30, கழுவல் 27 எண்டு தாவினா ஜெலற்றின் சுருங்கி விரிஞ்சு வலைமாதிரி வெடிக்கும். தண்ணியில கழுவ, தாங்கியை நிரப்பி அஞ்சு தரம் கவிழ்த்து ஊத்தி, புதுத்தண்ணியில பத்துத் தரம், திரும்பப் புதுத்தண்ணியில இருபது தரம். இந்தப் பிலிமைத் திரும்பப் பிக்ஸ் பண்ணிக் கழுவலாம், ஊதா போயிடும்.

கச்சான் காத்து வீசிற நாளில பிலிமைக் குளியலறைக்குள்ள, ஷவரைக் கொஞ்சநேரம் திறந்துவிட்டுப் புழுதி இருந்த பிறகு தொங்கவிடுங்கோ. பாவிச்ச பிக்ஸரை முற்றத்தில ஊத்தவேண்டாம். அதில வெள்ளி இருக்கு, எங்கட மணல் நிலத்தில பத்தடி தள்ளிக் கிணறு. ஒரு பிளாஸ்ரிக் கானில சேர்த்து, சட்டி தேய்க்கிற இரும்பு நாரைப் போட்டுச் சில நாள் விட்டா வெள்ளி சேறா அடியில இறங்கும். நார் கரைஞ்சுபோனா புதுசு போடுங்கோ.